சினை பிடிக்காத பசுவும் அறுபது குரோமோசோம்களும்

பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்குப் போகும் சாலையில் காடாம்புலியூர் இருக்கிறது. செம்மண் பூமி. எந்தப் பக்கம் திரும்பினாலும் பலாவும் முந்திரியும் கண்ணில் படும். ஆனால் முந்திரியும் பலாவும் ஆண்டுக்கு ஒரு பருவத்தில்தான் பணம் தரும். மற்ற மாதங்களில் அரிசிக்கும் பருப்புக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் கைகொடுப்பவை கொட்டகையில் நிற்கும் ஒன்றிரண்டு கறவை மாடுகளே.

இத்தகைய ஊர்களில் அடிக்கடி காணும் ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் ஒரு கலப்பினக் கிடேரி நிற்கிறது. நல்ல உடற்கட்டு, பளபளக்கும் தோல், தீவனம் குறைவில்லை. இருபத்தொரு நாளுக்கு ஒரு முறை தவறாமல் பருவத்துக்கு வந்து கத்துகிறது. ஒவ்வொரு முறையும் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் சென்று சினை ஊசி போடுகிறார்கள். சினை நிற்கவில்லை. நான்காவது முறையும் அப்படியே ஆனதும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார்: "அண்ணே, இது மலட்டு மாடு. தீவனத்துக்குத்தான் கேடு. சந்தைக்கு ஓட்டிடுங்க."

மாடு சந்தைக்குப் போகிறது. பெரும்பாலும் அடிமாடாகவே போகிறது. இரண்டு மூன்று ஆண்டுகள் அதை வளர்த்த உழைப்பும் செலவும் அதனோடு போய்விடுகின்றன.

இங்கே நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. குறை அந்தப் பசுவுடையதுதானா? அதன் தாயுடையதா? தந்தைக் காளையுடையதா? அல்லது ஊசி போட்ட நேரம் தவறியதா? வெளித்தோற்றத்தில் ஒரு குறையும் இல்லாத பசு ஏன் சினையாவதில்லை என்னும் கேள்வியை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் கேட்டு வந்திருக்கிறார்கள். அந்த வரலாற்றின் ஒரு கிளை, கண்ணுக்குத் தெரியாத குரோமோசோம்களிடம் நம்மைக் கொண்டு சேர்க்கிறது.

இரட்டைக் கன்றின் புதிர்

மாட்டின் மலட்டுத்தன்மை பற்றிய முதல் புதிர் இரட்டைக் கன்றுகளிடமிருந்து வந்தது. பசு பொதுவாக ஓர் ஈற்றுக்கு ஒரு கன்றே ஈனும். அரிதாக இரட்டை பிறக்கும்போது ஒன்று காளைக்கன்றாகவும் மற்றொன்று கிடேரியாகவும் இருந்தால், அந்தக் கிடேரி வளர்ந்த பின் பெரும்பாலும் சினையாவதில்லை. இங்கிலாந்தின் குடியானவர்கள் இத்தகைய கிடேரியை 'ஃப்ரீமார்ட்டின்' என்று அழைத்தார்கள். ஏன் இப்படி என்பது அவர்களுக்குத் தெரியாது.

இலண்டனில் புகழ்பெற்ற அறுவை மருத்துவராக விளங்கிய ஜான் ஹண்டர் இதில் ஆர்வம் கொண்டார். சில ஃப்ரீமார்ட்டின்களை அறுத்துச் சோதித்து, 1779-ஆம் ஆண்டில் ராயல் சொசைட்டியின் முன் தம் கட்டுரையை வைத்தார். வெளியே பெண்ணாகத் தோன்றும் அந்த விலங்கின் உள்ளே, கருப்பை சரிவர வளராமல் குறுகிக் கிடப்பதையும், ஆண் உறுப்புகளை ஒத்த பகுதிகள் காணப்படுவதையும் அவர் விவரித்தார். ஆனால் காரணத்தை அவரால் கூற இயலவில்லை.

காரணம் தெரிய மேலும் 130 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1911-இல் வியன்னாவில் டாண்ட்லர், கெல்லர் என்னும் இருவரும், 1916-இல் சிகாகோவில் ஃபிராங்க் லில்லியும் தனித்தனியே ஒரே விடையை அடைந்தனர். லில்லி சிகாகோவின் பெரிய இறைச்சிக்கூடங்களிலிருந்து இரட்டைக் கருக்களைத் தாயின் கருப்பையோடு பெற்று ஆராய்ந்தார். இரண்டு கருக்களின் உறைகளும் ஒன்றோடொன்று ஒட்டி, அவற்றின் இரத்தக் குழாய்கள் இணைந்திருந்தன. ஆண் கருவின் இரத்தம் பெண் கருவுக்குள்ளும் ஓடியது. ஆண் கருவின் விரைகளில் சுரக்கும் ஹார்மோன்கள் அந்த இரத்தத்தோடு சென்று, பெண் கருவின் உறுப்புகள் உருவாகும் போதே அவற்றைக் குலைத்துவிடுகின்றன.

கதை இத்துடன் முடியவில்லை. 1940-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரே ஓவன் மாடுகளின் இரத்த வகைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். மேரிலாண்டில் ஒரு கெர்ன்சிப் பசு விசித்திரமான இரட்டையை ஈன்றிருந்தது. அந்தப் பசுவுக்கு ஒரே பருவத்தில் கெர்ன்சிக் காளை, ஹியர்ஃபோர்டு காளை இரண்டும் சேர்ந்திருந்தன. ஒரு கன்று கெர்ன்சியைப் போலவும் மற்றொன்று ஹியர்ஃபோர்டைப் போலவும் இருந்தன. இரண்டுக்கும் தந்தை வேறு என்பது தெளிவு. ஆயினும் இரண்டின் உடலிலும் இரண்டு வகை இரத்தமும் கலந்தே ஓடியது! கருவில் கலந்த இரத்த அணுக்கள் பிறந்த பின்னும் நிலைத்து வாழ்கின்றன என்று 1945-இல் ஓவன் எழுதினார். ஓர் உடல் வேற்று அணுக்களை எதிர்க்காமல் ஏற்றுக்கொள்ளும் விந்தையை இது காட்டியது. மெடவாரும் பர்னெட்டும் இந்த வழியே சென்று 1960-இல் நோபல் பரிசு பெற்றனர். இன்றைய உறுப்பு மாற்று மருத்துவத்தின் வேர்களுள் ஒன்று ஒரு மாட்டுக் கொட்டகையில் இருக்கிறது என்றால் மிகையாகாது.

1962-இல் சுசுமு ஓனோவும் அவருடைய துணைவர்களும் இரட்டைக் கன்றுகளின் உயிரணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தனர். ஒரே கன்றின் உடலில் பெண்ணுக்குரிய குரோமோசோம்கள் கொண்ட அணுக்களும் ஆணுக்குரியவை கொண்ட அணுக்களும் கலந்திருந்தன. ஹண்டரின் புதிர் இப்போது குரோமோசோம்களின் மொழியில் படிக்கப்பட்டது.

காளையோடு இரட்டையாகப் பிறந்த கிடேரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை மலடாகவே அமைகின்றன என்பது இன்று உறுதியான செய்தி. பிறந்த அன்றே முன்கூட்டிச் சொல்லக்கூடிய மலட்டுத்தன்மை இது ஒன்றே எனலாம். கால்நடை மருத்துவர் கன்றின் பிறப்புவழியின் நீளத்தை அளந்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார். இயல்பான கன்றில் இருப்பதில் ஏறத்தாழப் பாதி நீளமே ஃப்ரீமார்ட்டினில் இருக்கும். சந்தையில் கிடேரிக்கன்று வாங்குபவர், "இது ஒற்றையா, காளையோடு பிறந்த இரட்டையா?" என்று கேட்டுக்கொள்வது பல ஆண்டு ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

அறுபது என்று எண்ணியது எப்படி?

உயிரினங்களின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் மெல்லிய இழைகளாகப் பரம்பரைச் செய்தி பொதிந்திருக்கிறது. அணு இரண்டாகப் பிரியும் வேளையில் இந்த இழைகள் சுருண்டு தடித்துச் சிறு கோல்களாகத் தெரியும். சாயம் ஏற்றினால் நன்கு நிறம் பிடிப்பதால் இவற்றை நிறக்கோல்கள் என்றும் தமிழில் கூறியதுண்டு. குரோமோசோம் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

பசுவின் குரோமோசோம்கள் எத்தனை? ஜெர்மனியின் கிராலிங்கர் 1931-இல் அறுபது என்று எண்ணினார். அதுவே சரியான விடை. மனிதனுக்கு 46 என்னும் சரியான எண்ணிக்கை அதற்குப் பின் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தே தெரிய வந்தது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ-ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லேவனும் அதை அறிவித்த ஆண்டு 1956. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். அதுவரை மனிதனுக்கு 48 என்றே பாடநூல்கள் கூறிவந்தன.

ஏன் இத்தனை காலம்? நுண்ணோக்கியில் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, வைக்கோல் போரைப் போலக் குவிந்து கிடந்தன. அவற்றைப் பிரித்துப் பரப்ப மூன்று உபாயங்கள் உதவின.

முதலாவது கால்சிசின் என்னும் மருந்து. அணு பிரியும்போது குரோமோசோம்கள் நன்கு தெரியும் கட்டத்திலேயே அது பிரிவை நிறுத்திவிடும். நம் நாட்டுக் கண்வலிக் கிழங்கில், அதாவது செங்காந்தள் செடியில், இந்தக் கால்சிசின் இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளை ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பகுதிகளில் விதைக்காகப் பயிர் செய்கிறார்கள்.

இரண்டாவது, உப்புச்செறிவு குறைந்த நீர். அதில் இட்டால் அணுக்கள் நீர் குடித்து உப்பும். குரோமோசோம்கள் விலகிப் பரவும். 1952-இல் டி. சி. சூ இதைக் கண்டது, ஆய்வகத்தில் யாரோ கரைசலைத் தவறாகக் கலந்துவிட்டதால்! மூன்றாவது உபாயம் 1960-இல் வந்தது. வடநாட்டார் ராஜ்மா என்று சமைக்கும் சிவப்பு பீன்ஸ் விதையின் சாறு, இரத்தத்தின் வெள்ளணுக்களைப் பிரியத் தூண்டும் என்று பீட்டர் நோவெல் காட்டினார். அதன் பின் எலும்பு மச்சையைக் குத்தி எடுக்கத் தேவையில்லை. மாட்டின் கழுத்து நரம்பிலிருந்து எடுத்த சிறிது இரத்தமே போதும். மூன்று நாள் வளர்த்து, கால்சிசின் இட்டு, உப்பச் செய்து, கண்ணாடித் தகட்டில் பரப்பினால் அறுபது குரோமோசோம்களையும் எண்ணிவிடலாம்.

ஸ்டாக்ஹோம், 1964

கருவிகள் கைக்கு வந்ததும் எதிர்பாராத ஒன்று கண்ணில் பட்டது. மனிதரின் ஒருவகை இரத்தப் புற்றுநோயில் குரோமோசோம் மாற்றம் இருப்பது 1960-இல் தெரிந்திருந்தது. மாடுகளுக்கும் இரத்தப் புற்று வரும். ஆகவே அதிலும் அத்தகைய மாற்றம் உண்டா என்று ஸ்வீடனின் இங்கமார் குஸ்டாவ்சனும் ராக்பார்னும் தேடினர். நோயுற்ற மூன்று மாடுகளில் குரோமோசோம் மாற்றத்தைக் கண்டனர். அறுபதுக்குப் பதில் ஐம்பத்தொன்பது. 1964-இல் 'நேச்சர்' இதழில் அவர்கள் கட்டுரை வெளிவந்தது.

நோய்க்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று தோன்றியது. ஆனால் மேலும் பார்த்தபோது, நோயே இல்லாத நல்ல மாடுகளிலும் அதே மாற்றம் இருந்தது. இரத்தப் புற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று.

கிடைத்தது என்ன? மாட்டின் மிகப்பெரிய குரோமோசோமான முதலாவதும், மிகச்சிறியவற்றுள் ஒன்றான இருபத்தொன்பதாவதும் முனையோடு முனை ஒட்டி ஒரே கோலாகியிருந்தன. இத்தகைய இணைவை 1916-இலேயே அமெரிக்காவில் ராபர்ட்சன் வெட்டுக்கிளி இனங்களில் கண்டு விவரித்திருந்தார். ஆகவே இதற்கு ராபர்ட்சன் இணைவு என்று பெயர். வெட்டுக்கிளியில் கண்டது பசுவில் பொருள் பெற்றது.

குஸ்டாவ்சன் இதை விடவில்லை. ஸ்வீடனின் சிவப்பு-வெள்ளை இனத்தில் ஏராளமான மாடுகளின் இரத்தத்தைச் சோதித்தார். நூற்றுக்குப் பதின்மூன்று பதினான்கு மாடுகளில் இந்த இணைவு இருந்தது. பின்னர் செயற்கைக் கருவூட்டல் நிலையங்களின் பதிவேடுகளைப் புரட்டினார். இணைவைச் சுமந்த காளைகளின் மகள்கள், மற்ற காளைகளின் மகள்களைவிடக் குறைவாகவே சினை பிடித்திருந்தன. 1969-இல் நூறு பக்க அளவில் வெளியிட்ட ஆய்வில் இவற்றை நிறுவினார். பதிவேடு எழுதுவது சலிப்பான வேலை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நுண்ணோக்கி இணைவைக் காட்டியது. அதனால் வந்த இழப்பைக் காட்டியது பதிவேடே.

கரு ஏன் நிலைப்பதில்லை?

இதைப் புரிந்துகொள்ள ஓர் உவமை. முப்பது பாகங்கள் கொண்ட ஒரு பெரிய நூலை நினைத்துக்கொள்வோம். பசுவின் ஒவ்வோர் அணுவிலும் அந்த நூல் இரண்டு தொகுப்புகளாக இருக்கிறது. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. ஆக அறுபது பாகங்கள். பசு தன் கன்றுக்கு ஒரு தொகுப்பு, அதாவது முப்பது பாகங்களைக் கொடுக்க வேண்டும்.

இப்போது ஒரு தொகுப்பில் முதல் பாகத்தையும் இருபத்தொன்பதாம் பாகத்தையும் பைண்டர் சேர்த்து ஒரே புத்தகமாகக் கட்டிவிட்டார் என்று கொள்வோம். பக்கம் எதுவும் தொலையவில்லை. ஆகவே அந்தப் பசு நலமாகவே வளரும், பால் கறக்கும், பருவத்துக்கும் வரும். எந்த மருத்துவர் தொட்டுப் பார்த்தாலும் குறை தெரியாது.

சிக்கல் பங்கு பிரிக்கும்போது வருகிறது. சினைமுட்டை உருவாகும்போது தனி ஒன்றாம் பாகம், தனி இருபத்தொன்பதாம் பாகம், இரண்டும் சேர்ந்த புத்தகம் ஆகிய மூன்றையும் இரண்டு பக்கமாகப் பிரிக்கவேண்டும். சேர்ந்த புத்தகம் ஒரு பக்கமும் தனிப் பாகங்கள் இரண்டும் மறுபக்கமும் போனால் எல்லாம் நலம். சில வேளைகளில் சேர்ந்த புத்தகத்தோடு தனி இருபத்தொன்பதாம் பாகமும் போய்விடும். அப்போது ஒரு முட்டையில் இருபத்தொன்பதாம் பாகம் இரண்டு. மற்றொன்றில் அது இல்லவே இல்லை. இத்தகைய முட்டையில் உருவான கரு, ஒரு பாகம் கூடியோ குறைந்தோ இருப்பதால் வளர முடியாமல் சில நாட்களிலோ வாரங்களிலோ கரைந்துவிடும். வீட்டுக்காரருக்குத் தெரிவதெல்லாம் ஒன்றுதான்: மாடு மறுபடியும் கத்துகிறது.

இந்த இணைவுள்ள மாடு முழு மலடு அல்ல. அதன் சினைபிடிப்பு நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை குறைகிறது, அவ்வளவே. ஒரு மாட்டில் இது கண்ணுக்கே தெரியாது. ஆனால் கணக்கைப் பெருக்கிப் பாருங்கள். பத்தாயிரம் ஊசிகளில் நூற்றுக்கு ஐந்து வீதம் தவறினால் ஐந்நூறு பசுக்கள். ஒவ்வொன்றும் இருபத்தொரு நாள் வீணாகத் தீவனம் தின்றால் பத்தாயிரத்து ஐந்நூறு நாள் தீவனம். அந்தச் செலவை ஏற்பது எந்த நிறுவனமும் அல்ல; ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் ஐந்நூறு குடும்பங்கள்.

வேறு சில குரோமோசோம் மாற்றங்கள் இதைவிடக் கடுமையானவை. மூன்று எக்ஸ் குரோமோசோம் கொண்ட கிடேரிகள் சில பருவத்துக்கே வராமல் போவதுண்டு. எக்ஸ் ஒன்று கூடுதலாகக் கொண்ட காளைகளின் விரைகள் சிறுத்துப் போகும். இவை அரிதானவை, பிறந்த விலங்கோடு முடிந்துபோகும். இணைவோ தலைமுறை தலைமுறையாகத் தொடரும்.

ஒரு காளை, ஆயிரம் ஊர்கள்

முன்னாளில் ஊருக்கு ஒரு பொலிகாளை இருந்தது. அதில் குறை இருந்தால் அது அந்த ஊரோடும் அக்கம்பக்கத்தோடும் நின்றது. செயற்கைக் கருவூட்டல் இந்த நிலையை மாற்றியது.

டென்மார்க்கின் சாம்சோ தீவில் 1936-இல் குடியானவர்கள் முதல் கருவூட்டல் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். மூன்றே ஆண்டுகளில், 1939-இல், மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத்குமாரன் இந்தியாவில் முதன்முதலாக இம்முறையைக் கையாண்டார். ஹோல்ஸ்டீன்-ஃபிரீசியன் காளையின் விந்தைக் கொண்டு ஹள்ளிக்கார்ப் பசுக்களைச் சினையாக்கினார். 1943-இல் அலகாபாத்தில் இம்முறையில் முதல் எருமைக் கன்று பிறந்தது.

அப்போதெல்லாம் விந்தைச் சில நாட்களே வைத்திருக்க முடியும். 1949-இல் இலண்டனில் போல்ஜும் துணைவர்களும் கிளிசரின் கலந்தால் விந்தணுக்கள் உறைநிலையிலும் உயிர் தாங்கும் என்று கண்டனர். இதுவும் ஒரு தவறில் விளைந்த நன்மைதான். புட்டியின் பெயர்ச்சீட்டு மாறிப்போனதால் சர்க்கரைக் கரைசலுக்குப் பதில் கிளிசரின் கலந்த கரைசல் கைக்கு வந்ததாகப் பின்னர் தெரிந்தது. இன்று உறைவிந்துக் குச்சிகள் சுழிக்குக் கீழே 196 டிகிரி குளிர்ந்த திரவ நைட்ரஜனில் ஆண்டுக்கணக்கில் இருக்கின்றன. ஒரு காளை ஓராண்டில் பல ஆயிரம் குச்சிகளுக்கு விந்து தருகிறது. காளை இறந்த பின்னும் அதற்குக் கன்றுகள் பிறக்கின்றன.

தமிழ்நாட்டில் உதகமண்டலம், ஓசூர், தஞ்சை மாவட்டத்து ஈச்சங்கோட்டை ஆகிய இடங்களில் அரசின் உறைவிந்து நிலையங்கள் உள்ளன. இவற்றுள் ஓசூர்ப் பண்ணை 1824-இல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் தோன்றியது. காடாம்புலியூர் போன்ற ஓர் ஊரின் கொட்டகையில் நிற்கும் கலப்பினக் கன்றுக்குத் தந்தை, அந்த ஊரார் கண்ணால் காணாத ஒரு ஜெர்சிக் காளையாக இருக்கலாம். நல்ல காளையின் பால்வளத்தை எல்லா ஊருக்கும் கொண்டு செல்லும் இந்த முறை, காளையில் மறைந்துள்ள குறையையும் அதே வேகத்தில் கொண்டு செல்லும்.

இது வெறும் அச்சமல்ல. 1962-இல் பிறந்த 'பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப்' என்ற அமெரிக்க ஹோல்ஸ்டீன் காளைக்கு 16,000 மகள்களும், ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பேத்திகளும், இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட கொள்ளுப்பேத்திகளும் இருந்தனர். பால் பெருகியது. ஆனால் அதன் ஒரு ஜீனில் சிறு பிழை இருந்தது. தாய், தந்தை இருவழியிலும் அந்தப் பிழையைப் பெற்ற கரு பிறக்கும் முன்பே இறந்துவிடும். 2016-இல் வெளியான கணக்கின்படி உலகெங்கும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் கருக்கள் இவ்வாறு அழிந்தன. இது குரோமோசோம் இணைவு அன்று, ஜீன் பிழை. ஆனாலும் பாடம் ஒன்றே. அத்தனை காலமும் சினை பிடிக்காத பசுக்களைத்தான் குறை கூறினார்கள்.

நம் நாட்டு மாடுகளின் தனி அடையாளம்

காங்கயம், உம்பளாச்சேரி, பர்கூர் முதலிய நம் திமில் மாடுகளுக்கும் குரோமோசோம்கள் அறுபதே. ஆனால் ஒன்றில் வேறுபாடு உண்டு. ஆணுக்குரிய ஒய் குரோமோசோம் ஐரோப்பிய மாடுகளில் இரு கைகள் உடையதாகத் தோன்றும். திமில் மாடுகளில் ஒரு கையே நீண்டு தோன்றும். 1968-இல் கீஃபரும் கார்ட்ரைட்டும் இதை வெளியிட்டனர். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். ஆகவே ஒரு காளையின் ஒய்யைப் பார்த்தால் அதன் தந்தைவழி நாட்டு மாட்டினுடையதா, சீமை மாட்டினுடையதா என்று சொல்லிவிடலாம். பார்வைக்குச் சுத்த நாட்டுக் காளையாக இருப்பதன் மூதாதையில் ஒரு ஜெர்சி ஒளிந்திருந்தாலும், அது தந்தைவழியில் இருந்தால் நுண்ணோக்கி காட்டிக்கொடுக்கும்.

எருமையின் கணக்கு வேறு. முர்ரா முதலிய நம் நாட்டு எருமைகளுக்கு ஐம்பது குரோமோசோம்கள். 1990-களின் தொடக்கத்தில் கர்னால் ஆய்வாளர்கள் சினையே ஆகாத சில முர்ரா எருமைகளைச் சோதித்தபோது, இரண்டு எக்ஸுக்குப் பதில் ஒரே எக்ஸுடன் 49 குரோமோசோம் கொண்டவற்றைக் கண்டனர். வெளியே எருமைக்கு ஒரு குறையும் தெரியாது. உள்ளே சினைப்பை வளரவில்லை. இவற்றுக்கு எத்தனை ஊசி போட்டும் பயனில்லை என்பதை ஒரு புட்டி இரத்தம் சொல்லிவிட்டது.

வடகிழக்கு மலைகளின் மிதுன் மாட்டுக்கு 58 குரோமோசோம்கள். பசுவோடு சேர்ந்து பிறக்கும் கலப்புக் கன்றுக்கு 59. அதில் பெண் சினையாகும், ஆண் மலடு.

பழி எங்கே விழவேண்டும்?

இத்தனையும் படித்துவிட்டு, "அப்படியானால் நம் வீட்டுக் கிடேரிக்கும் குரோமோசோம் குறைதான்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மூன்று நான்கு ஊசிக்கும் சினை நிற்காத மாடுகளில் பெரும்பாலானவற்றின் காரணம் வேறு. பருவ அறிகுறி தெரிந்த நேரத்துக்கும் ஊசி போட்ட நேரத்துக்கும் பொருத்தமில்லாமை, தாது உப்புக் குறைவு, மெலிந்த உடல், கருப்பையில் கிருமித் தொற்று, கோடை வெப்பம் ஆகியவையே முதலில் பார்க்கவேண்டியவை. காலையில் பருவத்துக்கு வந்த மாட்டுக்கு அன்று மாலையும், மாலையில் வந்ததற்கு மறுநாள் காலையும் ஊசி போடவேண்டும் என்னும் விதியை அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டிரிம்பர்கர் 1940-களில் வகுத்தார். செலவில்லாத இந்த விதி எத்தனையோ மாடுகளை அடிமாடாகாமல் காத்திருக்கிறது. நாட்குறிப்பில் பருவம் வந்த நாளையும் நேரத்தையும் எழுதி வைப்பவர் மருத்துவருக்குப் பாதி வேலையைக் குறைத்துவிடுகிறார்.

குரோமோசோம் சோதனை ஒவ்வொரு பசுவுக்கும் செய்யக்கூடியதன்று, செய்யவும் வேண்டியதில்லை. அது செய்யப்படவேண்டிய இடம் காளை. ஒரு பசுவைச் சோதித்தால் ஒரு வீட்டுக்கு விடை கிடைக்கும். ஒரு காளையைச் சோதித்தால் ஆயிரம் வீடுகளுக்குக் காப்பு கிடைக்கும். ஸ்வீடன் இதைச் செய்தது. இணைவுள்ள காளைகளைக் கருவூட்டல் நிலையங்களிலிருந்து விலக்கியதும் அந்த இனத்தில் இணைவு படிப்படியாகக் குறைந்தது. இந்தியாவிலும் உறைவிந்து நிலையங்களுக்கு வகுத்த தரவிதிகள், பொலிகாளைகளைக் குரோமோசோம் சோதனைக்கு உட்படுத்தவேண்டும் என்கின்றன. ஜீன் பிழைகளைக் கண்டறியும் புதிய முறைகள் பல வந்துவிட்டன. ஆனால் பக்கம் தொலையாமல் இரு பாகம் ஒட்டிக்கொண்ட இணைவை அவற்றுள் பல காண்பதில்லை. அதற்கு இன்றும் இரத்தமும் கால்சிசினும் நுண்ணோக்கியும் பொறுமையாக எண்ணும் ஒரு மனிதரும் வேண்டும்.

ஆகவே சினை ஊசி போடும்போது, "எந்தக் காளை? எந்த நிலையத்துக் குச்சி?" என்று கேட்பதில் தவறில்லை. குச்சியின் மேல் காளையின் எண்ணும் நிலையத்தின் பெயரும் அச்சிட்டிருக்கும். அதைக் குறித்து வைத்துக்கொண்டால், அந்தக் காளையின் மகள்களில் ஏதேனும் குறை தென்படும் நாளில் தேடிப் பிடிக்க வழி இருக்கும். குஸ்டாவ்சனுக்கு உதவிய பதிவேடுகள் இப்படி யாரோ ஒருவர் நாள்தோறும் எழுதியவையே.

சந்தைக்குப் புறப்படும் காடாம்புலியூர்க் கிடேரிக்கு வருவோம். அதைச் சந்தைக்கு ஓட்டுமுன் ஒரு முறை மருத்துவரிடம் ஓட்டிச் செல்லுங்கள். அது காளையோடு பிறந்த இரட்டையா என்று விசாரியுங்கள். பருவம் வந்த நேரத்தைக் குறித்துக் காட்டுங்கள். கருப்பையைச் சோதிக்கச் சொல்லுங்கள். அடுத்த ஊசியை வேறொரு காளையின் குச்சியால் போடச் சொல்லுங்கள். இவை எல்லாம் செய்தும் சினை நிற்காவிட்டால் அதை விற்பதில் நியாயம் உண்டு. அதுவரை அந்த வாயில்லா ஜீவன் மீது மலட்டுப் பழி சுமத்துவது, விசாரணையின்றித் தீர்ப்பு எழுதுவதாகும்.